ரியூசன் வேண்டாம் என்று சொன்ன வாத்தியார்

புதிதாக நியமனம் பெற்று ஆரம்பப் பிரிவுக்கு வந்திருக்கிறீர்கள். பாடக்குறிப்பு எழுதுவதும் வரவு இடாப்பு மார்க் பண்ணுவதும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அவற்றைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. உங்களில் யாருக்கு ஐந்தாம் ஆண்டைத் தருகிறார்களோ, அவரிடம் முதலாம் தவணை முடிவதற்குள் ஒரு தாய் வந்து நிற்பார். "ஸ்கொலசிப்புக்குப் புள்ளைய இப்பவே தயார் பண்ணணுமா, இல்லாட்டி அது பாட்டுக்கு உடுறதா?" என்று கேட்பார்.

புலமைப்பரிசில் பரீட்சை பத்து வயதுப் பிள்ளை எழுதுவது. பாஸானால் பெரிய பாடசாலையில் இடம், மாதாமாதம் சிறு உதவித்தொகை, ஊரில் ஒரு பெயர். பெயிலானால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று சுற்றறிக்கை சொல்லும். சுற்றறிக்கைக்கு ஒருபோதும் பத்து வயது இருந்ததில்லை.

அந்தத் தாயின் கேள்விக்கு என் சேவைக் காலத்தில் இரண்டு பதில்கள் சொல்லியிருக்கிறேன். முதலாவது பதில் சரியா பிழையா என்று எனக்கு இன்னும் தெரியாது. அதைச் சொன்ன ஆள் பிழை என்பது மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மருதமுனையில் ஒரு பாடசாலையில் ஐந்தாம் ஆண்டுக்கு நான் பொறுப்பு. எனக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. நான் ரியூசன் எடுப்பதில்லை, எடுக்க விடுவதுமில்லை. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு விரிவுரை செய்த ஒருவர், பிள்ளையின் இயற்கையான ஆற்றலை அளக்கத்தான் இந்தப் பரீட்சை வந்தது, தயார்படுத்தினால் அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லியிருந்தார். அது எனக்குப் பிடித்துப் போனது. ஒவ்வொரு வருடமும் பெற்றோர் கூட்டத்தில் அதைச் சுருக்கிச் சொல்லுவேன்: "இந்த வயதுப் பிள்ளைக்கு விளையாட்டும் நித்திரையும் போதும். அதுதான் தயார்படுத்தல்." தாய்மார் தலையாட்டுவார்கள். அதிபர் தலையாட்டுவார். கூட்டம் நேரத்துக்கு முடியும்.

அந்த வருடம் என் மகள் நஸ்ரினும் ஐந்தாம் ஆண்டு. பக்கத்துப் பாடசாலையில் படித்தாள். ஜனவரி முழுவதும் நன்றாக விளையாடினாள், நன்றாக நித்திரை கொண்டாள். பெப்ரவரியில் ஒருநாள் என் மனைவி, தன் தங்கை மகள் ஏற்கெனவே முப்பது மாதிரி வினாத்தாள்கள் செய்து முடித்துவிட்டதாகச் சொன்னார். நான் என் பெற்றோர் கூட்டப் பேச்சை அவருக்கும் பேசினேன். முழுவதையும் கேட்டார்.

"ஊருக்குச் செல்றது ஊருக்கு," என்றார். "இது நம்மட புள்ள."

ஒரே ஒரு வினாத்தாள், சும்மா பார்ப்பதற்கு என்று தீர்மானித்தோம். நஸ்ரின் செய்தாள். நான் திருத்தினேன். கூட்டிப் பார்த்தேன். பிறகு, கூட்டியது பிழையாக இருக்கலாம் என்று இன்னொரு முறை கூட்டினேன். பிழையில்லை.

அடுத்த சனிக்கிழமை மட்டக்களப்புக்கு பஸ் ஏறினேன். அங்கே என்னோடு பயிற்சி பெற்ற நண்பர் ஒருவர் அறுபது மாதிரி வினாத்தாள்கள் கொண்ட கட்டு ஒன்று வைத்திருந்தார். திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பையைத் திறக்கச் சொன்னார்கள். முக்கோணம், அம்புக்குறி, பாதி கறுப்படித்த வட்டம் என்று பக்கம் பக்கமாகக் கண்டதும் ஒரு இளம் சிப்பாய் ஏதோ இரகசியக் குறியீடு என்று நினைத்துத் தனக்கு மேலிருந்த பெரியவரைக் கூப்பிட்டான். பெரியவர் ஒரு பக்கத்தை நீண்ட நேரம் பார்த்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இது சின்னப் பிள்ளைகளின் பரீட்சை என்றேன். அவர் பேனையை எடுத்து ஒரு வினாவுக்கு விடையைக் குறித்து, என்னைப் பார்த்துச் சிரித்துப் பையைத் திருப்பித் தந்தார். விடை பிழை. நான் திருத்தவில்லை.

அடுத்த நாளிலிருந்து சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் ஐந்து மணிக்கு நஸ்ரினை எழுப்பினேன். ஆறரை வரை ஒரு வினாத்தாள், மேசையில் மணிக்கூடு. ஏழரைக்கு நான் பாடசாலைக்குப் போய், விளையாட்டும் நித்திரையும் போதும் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் இருந்தது. முகம் கழுவவும் மனச்சாட்சியைக் கழற்றி வைக்கவும் அது போதுமாக இருந்தது.

மே மாதத்தில் ஒருநாள் காலை ஆறு மணியளவில் வாசலில் ஒரு ஸலாம் கேட்டது. என் வகுப்பில் படிக்கும் றிஸ்மியாவின் தாய் பரீதா. கைத்தறியில் ஆண்கள் உடுக்கும் சாரன் நெய்பவர்; கணவர் அவற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ஊரூராக விற்பவர்.

"மகளுக்குக் காய்ச்சல் சேர். ரெண்டு நாளைக்கு வரமாட்டா எண்டு செல்லிட்டுப் போக வந்தன்."

கதவு திறந்திருந்தது. நஸ்ரின் மேசையில் இருந்தாள். கட்டு மேசையில் இருந்தது. மணிக்கூடும் இருந்தது. நான் பத்திரிகையை எடுத்துக் கட்டின் மேல் போட்டேன். எதையாவது மூடினால்தான் அது மற்றவர் கண்ணில் படும் என்பதைப் பதினெட்டு வருடம் வகுப்பறையில் இருந்தும் நான் படிக்கவில்லை. பரீதா பத்திரிகையைப் பார்த்தார். மகளைக் கவனிக்கச் சொன்னேன். போய்விட்டார்.

ஜூன் தொடக்கத்தில் பெற்றோர் கூட்டம். நாற்பதுக்கு மேற்பட்ட தாய்மார். பரீட்சைக்கு இன்னும் இரண்டரை மாதம். யாரோ ஒருவர், கல்முனையில் நடக்கும் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பலாமா என்று கேட்டார். நான் எழுந்து என் பேச்சைப் பேசினேன். அந்த வருடம் கொஞ்சம் கூடுதலான உருக்கத்தோடு பேசினேன் என்று நினைக்கிறேன்.

நடுவரிசையில் பரீதா எழும்பினார்.

"சேர், உங்கட மகளும் இந்த வருஷந்தானே எழுதுறா?"

"ஓம்."

"அவவுக்கும் விளையாட்டும் நித்திரையுந்தானா?"

உங்களுக்கு இந்தத் தொழிலில் இப்படியான கணங்கள் வரும். யோசிக்க நேரம் இருக்காது. யோசிக்காமல் வாயில் எது வருகிறதோ, அதுதான் அன்றைக்கு நீங்கள்.

"ஓம்," என்றேன்.

"சரி சேர்," என்று சொல்லி அவர் உட்கார்ந்தார்.

அவர் கோபப்பட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். கோபத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். அந்தச் "சரி சேர்" என்னோடு வீட்டுக்கு வந்து, சோற்றுக்கும் இருந்தது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் விளக்கம் ஒன்றைத் தயார்படுத்தினேன். அது மூன்று பகுதிகளைக் கொண்டது.

பரீதா தறியில் இருந்தார். என்னைக் கண்டு முந்தானையைச் சரிசெய்து, கதிரை ஒன்று போடச் சொன்னார். றிஸ்மியா கொண்டுவந்து போட்டாள். நான் விளக்கத்தின் முதலாம் பகுதியைத் தொடங்கினேன்.

"சேர், அதுகள உடுங்க," என்றார் பரீதா. கை தறியில் ஓடும் நாடாவை விடவில்லை. "அத்தன பேருக்கு முன்னால உங்கள மானங்கெடுத்தி எனக்கு என்ன கெடைக்கும்? நான் அதுக்குக் கேக்கல்ல. நீங்க உண்மையச் செல்லுவீங்க எண்டு பாத்தன்."

"தங்கச்சி, பிழைதான்."

"பிழையோ சரியோ, எனக்கு அந்தக் கடதாசி வேணும்."

அடுத்த நாள் கொண்டு போனேன். கட்டை வாங்கி மடியில் வைத்து, அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்தாம் ஆண்டோடு பாடசாலையை விட்டவர். ஆனால் எண் வாசிப்பார்.

"கட்டுக்கு மேல அறுபது எண்டு போட்டிருக்கு சேர். இதுல நம்பர் நாப்பத்தெட்டோட நிக்குது. கட்டுல மிச்சம் இல்லையா?"

இருந்தது. கடைசிப் பன்னிரண்டும் நல்ல வினாத்தாள்கள். அவற்றை எதற்காக வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. "மறந்துட்டன்," என்றேன். அன்று மாலையே கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்தார். எனக்கு முன்னாலேயே எண்ணினார்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை அந்தப் பக்கம் போய் றிஸ்மியா செய்ததைத் திருத்திக் கொடுத்தேன். அங்கே நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். றிஸ்மியா தறிக்குப் பக்கத்தில் பாயில் இருந்து வினாவைச் சத்தமாக வாசிப்பாள். தாய் நெய்துகொண்டே கேட்பார்.

"வட்டம், ஒரு சதுரம், வட்டம், ரெண்டு சதுரம், வட்டம், மூணு சதுரம், வட்டம். அடுத்தது எத்தன சதுரம் உம்மா?"

"நாலு. இது சாரன் கரை போடுற கணக்குத்தானே. இதையா பரீட்சையில கேக்கிறானுகள்?"

சில வினாக்களில் இருவரும் சண்டை பிடிப்பார்கள். மகள் ஒன்று சொல்லுவாள், தாய் இன்னொன்று சொல்லுவார். தறி நின்றுவிடும். ஒருநாள் இருவரும் ஒரே விடையைச் சொல்ல, விடைத்தாள் வேறு விடையைச் சொன்னது. பத்து நிமிடம் மூவரும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விடைத்தாள்தான் பிழை. அந்த விடைத்தாள் நான் எழுதியது. றிஸ்மியா சிரித்துப் பாயில் விழுந்தாள்.

அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம், இனிமேல் வினாக்களைச் சேர்ந்து விளையாட்டாகச் செய்வோம் என்றேன். மறுநாள் காலை அவரும் மேசைக்கு வந்தார். நஸ்ரின் ஒரு வினாவை வாசித்தாள். என் மனைவி விடையைச் சொன்னார். சரியான விடை. நஸ்ரின் அழுதாள்.

அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பென்சிலை வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"வாப்பா, நான் பாஸாகாட்டி எந்த ஊட்டுல இரிக்கிற?"

"என்ன கேள்வி மகள் இது? இந்த ஊட்டுலதான்."

அவள் தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை. ஐந்து மணிக்கு எழும்பத் தேவையில்லை என்று அன்றே சொன்னேன். அடுத்த நாள் நான் தொழுதுவிட்டு வரும்போது அவள் தானாக எழும்பி விளக்கைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்தாள். பழக்குவதற்கு எனக்கு ஒரு கிழமை எடுத்தது. நிறுத்துவதற்கு என்னால் முடியவில்லை.

இதற்கிடையில் பரீதா இன்னொன்று கேட்டார். "மத்தப் புள்ளைகளுக்கு, சேர்?" நான் அதிபரிடம் போய், வினாத்தாள்களை ரோணியோ மெஷினில் படியெடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும், பெற்றோரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். ரோணியோவுக்கு அவர் உடனே சம்மதித்தார். உண்மையைப் பற்றி, "கட்டாயம் செல்லத்தான் வேணுமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். இந்தமுறை பொய்யில்லை.

ஜூன் கடைசியில் கூட்டம் கூடியது. நான் எழுந்து, போன கூட்டத்தில் என் மகளைப் பற்றிச் சொன்னது பொய், பெப்ரவரியிலிருந்து அவளை வீட்டில் தயார்படுத்துகிறேன் என்று சொன்னேன். எழுதி வைத்திருந்ததைவிட மோசமாகத்தான் சொன்னேன். தரையைப் பார்த்துச் சொன்னேன்.

யாரும் அதிர்ச்சியடையவில்லை. முன்வரிசையில் ஒரு தாய் ஆறுதலாகச் சொன்னார்:

"அது எங்களுக்குத் தெரியுந்தானே சேர். சுபஹ் தொழுதுட்டு வாற ஆம்புளையள் உங்கட ஊட்டு லைட்டப் பாத்துட்டு வந்து செல்றதான்."

"எங்கட புள்ள ஜனவரியில இருந்து கல்முனைக்குப் போறா," என்றார் இன்னொருவர். "உங்கட மனசு நோகும் எண்டு செல்லல்ல."

அப்போது நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். ரியூசனுக்கோ வேறு யாரிடமோ பிள்ளையை அனுப்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். கைகள் எழும்பின. முன்வரிசை, பின்வரிசை, ஜன்னல் பக்கம். அதிபர் கணக்கெடுக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். கை தூக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர். பரீதா நடுவரிசையில் இருந்து தன்னைச் சுற்றியிருந்த கைகளை மெல்லத் திரும்பிப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த தன் கையைப் பார்த்தார்.

அவ்வளவு வருடமும் நான் பேசிய பேச்சை நம்பியது அவர் மட்டும்தான்.

அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நீங்கள் கொடுக்கும் புத்திமதியை, வேறு வழி உள்ளவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தங்கள் வழியில் போவார்கள். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். பாதிப்பு அவருக்குத்தான். பேசும்போது அவரைப் பார்த்துப் பேசுங்கள்.

ஆகஸ்டில் பரீட்சை. நஸ்ரின் மண்டப வாசலில் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு உள்ளே அனுப்பினேன். றிஸ்மியா வெளியே வரும்போது ஒரு வினாவைத் தாயிடம் சொல்ல வேண்டும் என்று வீதி வரை ஓடினாள்.

வருடக் கடைசியில் பெறுபேறு வந்தது. நஸ்ரின் பாஸ். நல்ல புள்ளிகள். செய்தியைச் சொன்னபோது, "இனி விடிய எழும்பத் தேவையில்லையா?" என்று மட்டும் கேட்டாள். அவளைத் தூரத்துப் பெரிய பாடசாலை ஒன்றில் சேர்த்து விடுதியில் விட்டோம். ஒரு தவணை இருந்தாள். பிறகு கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இங்கேயே படித்து நன்றாகத்தான் இருக்கிறாள். அந்தப் பரீட்சையைப் பற்றி மட்டும் இன்றுவரை என்னோடு கதைத்ததில்லை.

றிஸ்மியா வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைவு.

பாடசாலை விடும் நேரத்தில் பரீதா வந்தார். வகுப்பில் நான் மட்டும் இருந்தேன்.

"மூணு புள்ளி, சேர்."

"ஓம் தங்கச்சி."

"உங்கட மகள் தொடங்கினது பெப்ரவரியிலதானே?"

"ஓம்."

"எங்கட புள்ள ஜூனில." அவர் குரலை உயர்த்தவில்லை. சாரனுக்கு நூல் போதாமல் போனதைச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் மேசையில் இருந்த இடாப்பை மூடினேன். முன்பு ஒருமுறை மூன்று பகுதிகளாக விளக்கம் வைத்திருந்த ஆள் நான்.

"இளையவ வாற வருஷம் உங்கட வகுப்புக்கு வாறா," என்றார் அவர். "அவவ என்ன செய்யிற? ஊட்டுல படிப்பிக்கிறதா, உடுறதா? நீங்க ரெண்டையும் பாத்த ஆள்."

எனக்குக் கொஞ்சம் நேரம் தாருங்கள் என்றேன். ஜனவரி வரை தந்தார்.

ஜனவரி முதல் கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். கணவரும் அன்று வீட்டில் இருந்தார். இந்தமுறை எதையும் தயார்படுத்திக்கொண்டு போகவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே சொன்னேன். முதல் வினாத்தாளில் நஸ்ரின் எடுத்த புள்ளியைச் சொன்னேன். அதை அதுவரை மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. பயிற்சியால் புள்ளி எவ்வளவு ஏறியது என்று சொன்னேன். ஏறியது உண்மை, அதைப் பெற்றோர் கூட்டத்தில் நான் மறைத்தேன் என்றேன். பிறகு மேசையில் அழுததையும், எந்த வீட்டில் இருப்பது என்று கேட்டதையும், வாந்தியையும், விடுதியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்ததையும் சொன்னேன். உங்கள் வீட்டில் தறியடியில் நடந்தது எங்கள் வீட்டு மேசையில் நடக்கவில்லை, ஏன் என்று எனக்கு முழுதாக விளங்கவில்லை என்றும் சொன்னேன். படிப்பிக்கச் சொல்லவுமில்லை, விடச் சொல்லவுமில்லை.

இதுதான் என்னுடைய இரண்டாவது பதில். ஓய்வு பெறும்வரை கேட்ட ஒவ்வொரு தாய்க்கும் இதையே சொன்னேன். சொல்ல அரை மணித்தியாலம் எடுக்கும். கூட்டங்கள் நேரத்துக்கு முடிவதில்லை.

பரீதா முழுவதையும் கேட்டார். நடுவில் ஒருமுறை கணவரைப் பார்த்தார். வாரத்துக்கு இரண்டு வினாத்தாள், அஸருக்குப் பிறகு, தறியடியில், மணிக்கூடு வேண்டாம் என்று இருவரும் அங்கேயே முடிவெடுத்தார்கள். என்னிடம் சம்மதம் கேட்கவில்லை.

நான் எழும்பினேன். அவர் வாசல் வரை வந்தார்.

"சேர்."

"என்ன தங்கச்சி?"

"இதப் போன வருஷம் செல்லியிருக்கலாமே."

"செல்லியிருக்கலாம்," என்றேன்.